ஏழு பேர், ஒரே கையெழுத்து

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்கள் ஆபீசில் ஏழு பேர் ஒரே ஆளாகிப் போனோம். நாங்களாக ஆகவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் பரீட்சை அதிகாரிகள் அப்படி முடிவு கட்டித் தந்தி அடித்துவிட்டார்கள். பினாங்கிலிருந்து வந்த ஏழு விடைத்தாள்களையும் எழுதியது ஒரே கை. ஏழிலும் கடைசிக் கணக்கு ஒன்றுபோல விடுபட்டிருக்கிறது. ஆகையால் ஏழும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. விளக்கம் அனுப்பவும்.

தந்தியைக் கையில் பிடித்தபடி துரை எங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தார். முதலில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, வழுக்கைத் தலை, அல்பாக்கா கோட்டு. அடுத்து மூன்று சீனியர் கிராணிகள், மூன்று அளவில் தொந்தி. பிறகு கறுப்புத் தொப்பியோடு காதர். பிறகு மூங்கில் மாதிரி லிம். கடைசியில் நான். எங்கள் ஏழு பேரையும் ஒரே ஆள் என்று நம்புவதற்கு மனுஷனுக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

கிராணிப் பரீட்சைக்குப் போகும் தம்பிமார் சிலர் இப்போது என்னிடம் வந்து, "அண்ணே, எப்படிப் படிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். எனக்கும் அவர்களுக்கும் நான்கைந்து வயதுதான் வித்தியாசம். ஆனாலும் அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டால் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எப்படிப் படிப்பது என்பது இதில் கொஞ்சம்தான் வரும்.

பெரிய கிராணியின் கை

பரீட்சை வருவதற்கு முன்பு அரசாங்க ஆபீசில் வேலை கிடைப்பது எப்படி என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெரிய கிராணி மாதா கோவில் வாசலுக்கு வரும்போது, அவர் கண்ணில் படுகிற இடத்தில் நிற்கவேண்டும். அவ்வளவுதான்.

என் அப்பாவும் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அப்படித்தான் நின்றார். அப்பா துறைமுகத்து வெல்ட் கீ கிடங்குகளிலிருந்து சரக்கு ஏற்றும் மாட்டுவண்டிக்காரர். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பேனா பிடித்தவர் கிடையாது. பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் நான் படித்து முடித்ததே எங்கள் வரிசை வீடுகளில் பெரிய செய்தி.

பெரிய கிராணியின் பெயர் தேவசகாயம். யாரும் அந்தப் பெயரைச் சொல்லமாட்டோம், ஐயாதான்.

"ஐயா, பையன் சவரி நல்லா எழுதுவான்" என்றார் அப்பா.

"எங்க, எழுதட்டும்."

பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கொடுத்து, பூசை நேரம் அச்சடித்த தாளின் பின்புறத்தில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதச் சொன்னார். எழுதினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"வால் எழுத்துக்கெல்லாம் வால் போதல. பரவாயில்ல, வளர்த்துடலாம். திங்கக்கெழமை வரச் சொல்லு."

எனக்கு நடந்த நேர்முகத் தேர்வு, எழுத்துத் தேர்வு, வைத்தியப் பரிசோதனை எல்லாம் அதுதான்.

தற்காலிகக் கிராணிகளுக்குப் பின்வராந்தாவில் ஒரு நீளப் பெஞ்சு. காதரும் லிம்மும் ஏற்கெனவே அதில் இருந்தார்கள். காதர் சூலியா தெருக்காரர், நான்கு வருஷமாகப் பெஞ்சு. "எனக்கும் இந்தப் பலகைக்கும் நிக்காஹ் ஆயிருச்சு தம்பி, நீ தள்ளி ஒக்காரு" என்றுதான் என்னை வரவேற்றார்.

முதல் மாதம் எனக்கு வேலையே கொடுக்கவில்லை. ஐயாவின் கையெழுத்தைப் பார்த்து எழுதிப் பழகுவதுதான் வேலை. அதே சாய்வு, அதே சுழிப்பு, அதே நீள வால். கடிதத்தின் ஆரம்பமும் முடிவும்கூட அவர் சொல்லிவைத்த வார்த்தைகள்தான்.

"ஆபீசுக்கு ஒரே கைதான் இருக்கணும்" என்பார். "நீ பாதியில வயித்துவலின்னு எழுந்து போனா, அடுத்த வார்த்தையிலேர்ந்து காதர் எழுதணும். காதருக்கு வயித்துவலின்னா லிம் எழுதணும். வாங்கிப் படிக்கிறவனுக்குத் தெரியக்கூடாது."

உண்மையிலேயே தெரியாது. நான்கு பேர் மாறி மாறி எழுதிய கடிதங்கள் பிரிட்டிஷ் காலனி முழுவதும் போயிருக்கின்றன. டைப்ரைட்டர் ஒன்று ஆபீசில் இருந்தது. அதற்கு உறை போட்டு மூடிவைத்திருந்தார். அந்த மெஷினுக்கு மரியாதை தெரியாது என்பது அவர் கட்சி.

இன்னொரு வழக்கமும் உண்டு. காலையில் ஐயா பேனாவை மையில் தோய்க்கும்வரை யாரும் தோய்ப்பதில்லை. சாயங்காலம் அவர் நிப்பைத் துடைத்து வைத்ததும் எல்லாரும் துடைத்து வைத்துவிட்டு எழுந்திருப்போம். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. பூசையில் குருவானவர் எழுந்தால் நாமும் எழுகிறோமே, அதுபோல உடம்புக்கே பழகிவிட்டது.

சர்க்குலர்

பிறகு புதுத் துரை கப்பலில் வந்து இறங்கினார். இளவயசு. வெயிலில் மூக்கு உரிந்து சிவந்திருக்கும். அவரோடு ஒரு சர்க்குலரும் வந்தது. ஐயா அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.

இனி சிபாரிசு செல்லாது. கிராணி வேலைக்குப் பரீட்சை. பெஞ்சில் இருப்பவர்கள் பாஸ் செய்தால் நிரந்தரம், தவறினால் அந்த மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போகலாம். விடைத்தாளில் பெயர் கூடாது, நம்பர் மட்டும். அதுவரை எங்களுக்குச் சந்தோஷமாக வாசித்தவர் அடுத்த வரியில் நின்றுவிட்டார். ஏற்கெனவே நிரந்தரமாக இருப்பவர்களும் மேல்வகுப்புக்குப் போக அதே பரீட்சையை எழுதவேண்டும். பெரிய கிராணி உட்பட.

"என்னைப் பரீட்சை பண்றதுக்கு இந்தத் தீவுல ஆள் இருக்கா?" என்றார் ஐயா.

"சிங்கப்பூர்லேர்ந்து பண்றாங்களாம் ஐயா" என்றார் காதர், ரொம்பப் பணிவாக.

அன்றிலிருந்து ஆபீசே பள்ளிக்கூடமாகிவிட்டது. தொந்தி விழுந்த சீனியர் கிராணிகள் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்து வாய்ப்பாடு முணுமுணுத்தார்கள். பெஞ்சுக்காரர்களான நாங்கள் மூவரும் சூலியா தெருவில் காதரின் மாமா வைத்திருந்த சாப்பாட்டுக் கடையில் கூடினோம். ஆளுக்கொரு தே தண்ணி வாங்கிக்கொண்டு, மேசைப் பலகையில் சாக்பீஸால் கணக்குப் போடுவோம். மாமா துணியோடு வந்து நிற்பார், ஊர் வழக்கப்படி பேச்சின் கடைசியில் ஒரு 'லா' ஒட்டும்.

"டேய், இந்த மேசைய தொடைக்கவா வேணாமா? மீன் கொழம்பு கேட்டு ஆள் நிக்குதுலா."

"கொஞ்சம் பொறுங்க மாமா, ரயில் இன்னும் ஸ்டேஷனுக்கு வரல" என்பார் காதர்.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் குழம்புத் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டே குனிந்து எங்கள் கூட்டலில் பிழை கண்டுபிடித்தார். லிம் அவருக்கு எழுந்து இடம் கொடுத்தான்.

வீட்டில் நான் வண்டிக்கொட்டகையில் நின்று, மாடுகள் இரண்டுக்கும் கேட்கும்படி இங்கிலீஷ் கட்டுரையைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். அவை மென்றுகொண்டே கேட்கும்.

"பரீட்சையில மாட்டப் பத்திக் கேப்பானா?" என்றார் அப்பா.

"கேக்க மாட்டாங்கப்பா."

"கேட்டா என்னைக் கேளு." கொஞ்ச நேரம் வைக்கோலைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "வெல்ட் கீல இன்னைக்கு மூணு லாரி புதுசா நிக்குது. பாஸாகலன்னா வண்டிக்கு வந்துடலாம் சவரி, அது ஒண்ணும் இல்ல. ஆனா வண்டி எத்தன நாளைக்குன்னு எனக்கே தெரியல."

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான் மாடுகளுக்குப் பூகோளமும் சொல்ல ஆரம்பித்தேன்.

மணி அடித்தது

பரீட்சை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். எங்கள் ஆபீஸ் ஏழு பேருக்கும் அடுத்தடுத்த நம்பர், அடுத்தடுத்த மேசை. முன்னால் ஐயா, பின்னால் நாங்கள்.

மணி அடித்தது. மண்டபத்தில் மற்ற இலாகாக்காரர்கள் அத்தனை பேரும் மழை பிடித்துக்கொண்ட மாதிரி எழுத ஆரம்பித்தார்கள். எங்கள் வரிசையில் ஆறு பேனாக்கள் மைக்கூட்டுக்கு மேலே அப்படியே நின்றன. ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து, சிலுவை போட்டு, கண்ணை மூடி ஜெபமாலையில் பத்து மணிகளை உருட்டி ஜெபித்தார். மேற்பார்வைக்கு வந்தவர் எங்கள் பக்கம் வந்து ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார். ஐயா பேனாவைத் தோய்த்தார். ஆறு பேனாக்களும் ஒரே சமயத்தில் தோய்ந்தன.

கட்டுரை நன்றாகவே போயிற்று. கணக்கும் நன்றாகவே போயிற்று. கடைசிக் கணக்கைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஒரு தொட்டி, மேலே ஒரு குழாய் நிரப்புகிறது, அடியில் ஒரு குழாய் காலி செய்கிறது, தொட்டி எப்போது நிறையும் என்ற கணக்கு. மாமா கடை மேசையில் எத்தனையோ தொட்டியை நிரப்பியிருக்கிறோம். எனக்கு அது தண்ணீர் குடிப்பது மாதிரி.

தலைப்பு மட்டும் எழுதியிருந்தேன். முன்னால் ஐயா நிப்பைத் துடைத்து, பேனாவை மேசைமேல் வைத்தார்.

என் கை என்னைக் கேட்கவில்லை. நிப்பைத் துடைத்தது. பேனாவை வைத்தது. எழுந்து நின்றேன். ஆறு பேரும் எழுந்து நின்றோம். மண்டபமே எழுதிக்கொண்டிருக்க, நாங்கள் ஆறு பேரும் ஐயாவுக்குப் பின்னால் வரிசையாகத் தாள்களைக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தோம். வெயில் முகத்தில் அடித்தபோதுதான் சுரணை வந்தது.

"தொட்டி" என்றேன்.

காதர் தொப்பியைக் கழற்றினார். "அட அல்லா. தொட்டி."

"ஹாபிஸ் லா" என்றான் லிம். தீர்ந்தது என்பதற்கு மலாயில் அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அதன் பிறகு மூவரும் சிரித்தோம். ஏன் சிரித்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஒரே ஒரு கணக்குதானே, மற்றதில் மார்க்கு வந்துவிடும் என்று அப்போது நினைப்பு.

விளக்கம்

பிறகு வந்ததுதான் நான் முதலில் சொன்ன தந்தி.

துரைக்கு வந்த சங்கடத்தையும் சொல்லவேண்டும். சிபாரிசை ஒழித்து நேர்மையான பரீட்சை கொண்டுவர வந்த மனிதர். முதல் பரீட்சையிலேயே அவருடைய ஆபீஸ் முழுவதும் மோசடி என்று பெயர். அடுத்த கப்பலில் அவர் விளக்கம் போகவேண்டும். போகாவிட்டால் ஏழு தாளும் குப்பை. சீனியர்களுக்கு மேல்வகுப்பு மட்டும் போகும். பெஞ்சுக்கு வேலையே போகும்.

விளக்கம் எங்களிடம் இருந்தது. ஐயா எழுந்தார், நாங்களும் எழுந்தோம், அவ்வளவுதான் விளக்கம். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, ஐயா ஏன் எழுந்தார் என்பது. ஐயாவுக்குக் கணக்கு வரவில்லை என்று துரையிடம் யார் சொல்வது? எங்களைக் கோவில் வாசலில் பார்த்து எடுத்துக்கொண்டவர் அவர்.

"நீ சொல்லுலா, நீயும் ஐயாவும்தான் ஒரே கோவில்" என்றார் காதர்.

"நீங்க சொல்லுங்க அண்ணே, நீங்கதான் நாலு வருஷம்."

இருவரும் லிம்மைப் பார்த்தோம். அவன் சுவரைப் பார்த்தான்.

துரை முதலில் ஏழு பேரிடமும் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, ஒரே வாக்கியத்தை எழுதச் சொன்னார். எழுதியதும் ஏழு தாளையும் வாங்கிக் கலைத்து மேசைமேல் பரப்பினார்.

"அவரவர் தாளை எடுங்கள்" என்றார் இங்கிலீஷில்.

ஐயா முதலில் வந்து, கொஞ்சமும் தயங்காமல் ஒன்றை எடுத்தார். அது நான் எழுதியது, மூலையில் என் விரல் மை ஒட்டியிருந்தது. நான் மிச்சத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். காதர் ஒன்றை எடுத்து, வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்தார். சீனியர்கள் இருவர் ஒரே தாளுக்குக் கை நீட்டினார்கள்.

ஐயாவின் முகம் பூத்துவிட்டது. துரையிடம் திரும்பி, நெஞ்சை நிமிர்த்தி, "சார், இதில் எது யாருடையது என்று என்னாலேயே சொல்ல முடியாது" என்றார். பத்து வருஷத்து உழைப்புக்குச் சர்டிபிகேட் வாங்கியவர் போல நின்றார். எங்களைப் பெட்டியில் வைத்து ஆணி அடித்து மூடுகிறார் என்பது அவருக்குத் தெரியவே இல்லை. காதர் தொப்பிக்குள் ஏதோ முனகினார்.

துரை நெடுநேரம் தாள்களைப் பார்த்தார். பிறகு ஏழு மேசைகளை ஒன்றுக்கொன்று தள்ளிப் போடச் சொல்லி, எங்களை உட்காரவைத்து, சிலேட்டுப் பலகையில் ஒரு கணக்கு எழுதினார். திரும்பவும் தொட்டி. எண்கள் மட்டும் வேறு.

"ஆரம்பியுங்கள்" என்றார்.

யாரும் ஆரம்பிக்கவில்லை.

துரை கடிகாரத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். ஐயா பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார், பேனா அவர் கையில் உலர்ந்தே இருந்தது. கழுத்தில் வியர்வை இறங்கியது. ஆறு பேனாக்கள் காற்றில் நின்றன.

"ஏன் எழுதவில்லை?" என்றார் துரை.

எனக்கு வெல்ட் கீயில் நின்ற லாரிகள் ஞாபகம் வந்தன. ஐயாவின் கழுத்து கண்முன்னே இருந்தது. இரண்டையும் மாறி மாறி நினைத்தேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை தம்பிமாரே, குறி தவறி மைக்கூட்டின் விளிம்பில் நிப் இரண்டு தரம் இடித்தது. அந்தச் சத்தத்துக்கு ஐயா திரும்பினார். நான் பேனாவைத் தோய்த்து எழுத ஆரம்பித்தேன்.

பிறகு காதரின் மைக்கூட்டில் சத்தம். பிறகு லிம். பிறகு சீனியர்கள், ஒருவர் பின் ஒருவராக, திருட்டுத்தனமாகப் பலகாரம் எடுப்பவர்கள் போல.

எழுதி முடித்து நிமிர்ந்தபோது துரை என்னைப் பார்க்கவில்லை. ஐயாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மண்டபத்தில் முதலில் பேனாவை வைத்தது யார்?"

ஐயா எழுந்தார். அவர் பொய் சொல்லியிருக்கலாம், அவர் பேச்சுக்கு மறுபேச்சு எங்களிடம் கிடையாது. "நான்தான் சார்."

"ஏன்?"

"இந்தக் கேள்வி தப்பு சார்."

"எப்படித் தப்பு?"

"அடியில குழாய் திறந்திருக்கு. தண்ணி போயிட்டிருக்கு. அதப் பாத்துக்கிட்டே எந்தக் கிராணி மேல ஊத்துவான்? முதல்ல அடிக்குழாய அடைக்கணும். அடைச்சது யாருன்னு கையெழுத்து வாங்கணும். அப்புறம் கணக்கு." பாதி தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் வந்தது. கோபம் வந்தால் அவருக்கு இரண்டும் கலந்துவிடும். பிறகு குரல் இறங்கியது. "நான் படிச்ச காலத்துல இந்தக் கணக்கு கிடையாது சார். எனக்கு இது வராது. இவங்களுக்கு வரும். இவங்க எழுந்தது என் பழக்கத்துல."

துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. திரும்பியபோது மூக்கு இன்னும் சிவந்திருந்தது.

"மிஸ்டர் தேவசகாயம், எனக்கும் வருகிற மாதம் மலாய்ப் பரீட்சை. தவறினால் எனக்கும் மேல்வகுப்பு இல்லை. வாசகப் புத்தகத்தில் ஒரு முதலை வருகிறது. அது ஏன் அங்கே வந்தது என்று எனக்கும் புரியவில்லை."

விளக்கம் அடுத்த கப்பலில் போயிற்று. கூடவே ஒரு உத்தரவும் போட்டார்: இனி அவரவர் சொந்தக் கையெழுத்தில் எழுதவேண்டும்.

அதிலும் ஒரு கூத்து. எங்கள் யாருக்கும் சொந்தக் கையெழுத்து எது என்று மறந்துவிட்டது. லிம்முடைய ஆங்கில எழுத்துகள் சீனத் தூரிகைப் பழக்கத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. காதர் தம் வாப்பாவின் கடைச்சிட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கள் குடும்பக் கை இப்படித்தான் என்றார். எங்கள் குடும்பத்தில் அப்படிப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, அப்பா கொடுக்கும் பெருவிரல் ரேகைதான். ஆகவே நானே ஒன்று செய்துகொண்டேன். ஒரு வாரம் அது வலப்பக்கம் சாய்ந்தது, அடுத்த வாரம் நிமிர்ந்தது. வால் எழுத்துகளுக்கு அளவான வால் வைத்தேன். அந்த வாரங்களில் எங்கள் இலாகாக் கடிதங்களைப் பெற்றவர்கள் ஆபீசில் கலகம் நடக்கிறது என்றே நினைத்திருப்பார்கள்.

முடிவு

சிங்கப்பூர் ஏற்றுக்கொண்டது. முடிவு வந்த அன்று ஐயாவே பட்டியலை வாசித்தார். தம் பெயரையும் அதன் இடத்தில், கடைசியில், குரல் மாறாமல் வாசித்தார். தொட்டி போக மிச்சத்திலேயே பாஸாகியிருந்தார். என்னைப் பார்த்து, "அன்னைக்கு நிப்ப இடிச்சல்ல, நுனி போயிருக்கும். மாத்திக்க" என்றார்.

பரீட்சைக்குப் போகும் தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான். பழைய கணக்குகளை நிறையப் போட்டுப் பாருங்கள். மணி அடித்தால் ஆரம்பியுங்கள். உங்களுக்கு வேண்டியவர்கள், நீங்கள் மதிப்பவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். அந்த மதிப்பை மண்டபத்துக்கு வெளியே வந்து காட்டுங்கள். உள்ளே அவர்கள் எழுந்தால் நீங்கள் உட்கார்ந்திருங்கள். மரியாதையும் பேனாவும் வேறு வேறு என்று எனக்குத் தெரிய ஒரு வேலை போகவிருந்தது.

முடிவு வந்த அன்று சாயங்காலம்வரை எனக்குப் பொறுக்கவில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு ஓடினேன். அப்பாவின் வண்டி சரக்கோடு தெருவைக் கடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கயிற்றை இழுத்தார். மாடுகள் டிராம் தண்டவாளத்தின்மேல் சரியாக நின்றன.

"வந்துருச்சா?"

"வந்துருச்சுப்பா."

"பெரிய கிராணி?"

"பாஸ்."

"நல்ல மனுஷன். பாஸாகணும். காதரு?"

"மொத நம்பர்."

"அந்தச் சீனப் பையன்?"

பின்னால் டிராம் வந்து நின்று மணியை அடி அடி என்று அடித்தது. ரிக்‌ஷாக்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கின.

"அண்ணே, வண்டிய எடுங்கலா" என்று கத்தினார் டிராம் டிரைவர்.

"பொறுப்பா, புள்ளைக்குப் பரீட்ச முடிவு வந்துருக்கு." அப்பா என்னிடம் திரும்பினார். "சீனப் பையன்?"

"பாஸ்ப்பா."

"அந்த மத்த மூணு கிராணிங்க?"

மணி நின்றுவிட்டது. டிராம் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. டிரைவர் எட்டிக் குனிந்தார்.

"ஏண்ணே, ஊரையெல்லாம் கேக்குறீங்க, தம்பி என்னாச்சுன்னு கேளுங்க. நாங்களும் கேட்டுட்டுப் போயிர்றோம்."

அப்பா கேட்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தார். அவ்வளவு நேரமும் ஊரைப்பற்றிக் கேட்டது எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"பாஸ்ப்பா. நிரந்தரம்."

டிராமில் யாரோ கை தட்டினார்கள். ஒரு சீனப் பாட்டி பக்கத்தில் இருந்தவரிடம் விவரம் கேட்டு, அதன் பிறகு தானும் தட்டினாள். அப்பா வண்டியின்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கயிறு கையில் இருந்தது, அதை என்ன செய்வது என்று அவருக்கு மறந்துபோயிருந்தது. கடைசியில் டிராம் டிரைவரே இறங்கி வந்து, எங்கள் மாடுகளைக் கழுத்தில் தட்டித் தண்டவாளத்தை விட்டு ஓட்டினார்.